காக்கி நூல்

மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்த கணவனுக்கு அவளே ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். இலவம்பஞ்சை நாலு நாள் வெயிலில் போட்டு, கொட்டை பொறுக்கி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடைத்த தலையணை. அன்றிலிருந்து மனுஷன் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குத் தூக்கம் முக்கியமாயிற்றே! அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியார் மட்டும், "பஞ்சுல என்னடி தூக்கம் இருக்கு?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

மூன்றாவது வாரம் துவைக்க உறையைக் கழற்றியபோது, தலையணை ஓரத்தில் நாலு விரல் நீளத்துக்குக் கோணல்மாணலாய் ஒரு கைத்தையல். அவள் தைத்தது மெஷினில், வெள்ளை நூலில். இது காக்கி நூல். யாரோ பிரித்து, எதையோ வைத்து மூடியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, மாமியார்தான்! மகன் வேலைக்குப் போனதும் அந்த அறையில் அவளுக்கு என்ன வேலை? தாயத்தா, தகடா? மகன் தூங்கினால் அந்தப் பெயரும் தனக்கே வரவேண்டுமாக்கும்.

"அத்தை, தலையணையைப் பிரிச்சீங்களா?"

"நானா? ஊசியில நூல் கோக்கவே உன்னைத்தானே கூப்பிடுறேன்! இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு தைச்சா என் விரலைத்தான் தைப்பேன்."

அதுவும் உண்மைதான். அவள் நூலை மறுபடி பார்த்தாள். காக்கிச் சட்டையில் பொத்தான் அறுந்தால் கணவர் தைத்துக்கொள்கிற நூல்.

தையலைப் பிரித்தாள். பஞ்சோடு மாத்திரை அட்டைகள் வந்தன, எல்லாம் காலி. முதுகில் சிவப்பு எழுத்து: 'இதை உட்கொண்டு வாகனம் ஓட்டக் கூடாது.' காலை ஆறரைக்கு அந்த வேனில் இருபது பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

மதியம் சாப்பிட வந்தவர் கட்டிலில் கிடந்த அட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஆசையா தைச்சுக் கொடுத்தே. பொட்டுத் தூக்கம் வரலன்னு சொல்ல மனசு வரல. மாத்திரை அட்டையைக் குப்பையில போட்டா பார்த்துடுவே. நீ தைச்சதை நீயே பிரிக்க மாட்டேன்னு நினைச்சேன்."

"என் மனசு நோகக் கூடாதுன்னு அத்தனை பிள்ளைங்களைப் பணயம் வச்சீங்களா?" அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "முதலாளிக்குப் போன் போடுங்க. சாயங்காலமே வேற டிரைவரை அனுப்பட்டும்."

போன் போட்டார். பிறகு, பாதி பஞ்சு போன அந்தத் தலையணையிலேயே தலையைச் சாய்த்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

நிஜத் தூக்கமா, வரும் வழியிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாரா? அவர் சட்டைப் பையைத் தடவினாள். மாத்திரை இல்லை, வேன் சாவிதான் இருந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.