முழங்கைக்கு மேலே முப்பத்துமூன்று

யூனியன் ஆபீஸ் குமாஸ்தா பழனி ஆளைப் பார்த்தே வயது சொல்லிவிடுவார். யாரும் கேட்க வேண்டியதில்லை. சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாள் வேலைக்கு மனு கொடுக்க இருசாயி போய் நின்றபோது, மனுவைத் தொடாமல் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"நாப்பது வயசுக்குள்ள இருக்கணும்மா. உனக்கு அம்பது இருக்கும் போலக்கீது. உன் பொண்ணு இருந்தா அனுப்பு."

"எம் பொண்ணு மூணாவது படிக்குதுங்க," என்றாள் இருசாயி. "அது வந்து சமைச்சா நீங்க துன்னுவீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பழனி சிரிக்கவில்லை. வயதுக்கு அத்தாட்சி எங்கே என்றார். பள்ளிக்கூடச் சான்றிதழ் காட்ட அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. பிறந்ததோ கரும்புக் கொல்லை வரப்பில். அதைப் பதிந்துகொள்ள அங்கே எறும்பைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. அப்படியானால் அரசாங்க டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி வா, புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொல்லி மனுவை ஓரமாகத் தள்ளினார். இது நடந்தது எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில்.

இருசாயிக்கு வயது முப்பத்துமூன்று. இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன் கோமுகி அணை கட்டியபோது அவள் அம்மா அங்கே மண் சுமந்தாள். அந்த மண்மேட்டில் விளையாடித் திரிந்த நாளில்தான் பத்து வயதில் இவளுக்குக் கடைசிப் பால்பல் விழுந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. முகம்தான் வேறு கணக்குச் சொன்னது. பதினாலு வயதில் கச்சிராயபாளையத்துக் கரும்பாலையில் அடுப்புக்குச் சக்கை தள்ளும் வேலைக்குப் போனவள் அவள். தை வந்தால் கொப்பரைக்கு முன்னால் அனலிலும் புகையிலும் ஐந்து மாதம். மீதி நாளெல்லாம் வெயிலில் கரும்பின் காய்ந்த தாளான சோகையை உரிக்கும் வேலை. சோகை கன்னத்தைக் கீறும், கீறல் மேல் வியர்வை இறங்கும், முகம் காந்தும். ஆறுவதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். புருஷன் செல்லமுத்து பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனவன், போனவன்தான். இரண்டு பிள்ளைகளும் இவள் பொறுப்பு.

இந்த வேலை கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை. பிள்ளைகள் படிக்கிற அதே பள்ளிக்கூடம். தலைக்கு மேலே ஓடு. கிடைக்காமல் போனால், அடுத்து எப்போது ஆள் எடுப்பார்களோ, அதற்குள் நிஜமாகவே நாற்பது தாண்டிவிடும். அப்புறம் சாகிற வரைக்கும் சக்கைதான்.

மறுநாளே டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. டாக்டரும் முகத்தைப் பார்த்துத்தானே எழுதப்போகிறார், முதலில் முகத்தைச் சரிபண்ணுவோம், பிறகு கொண்டுபோய்க் காட்டுவோம் என்று நினைத்தாள். நெல்லை நன்றாகக் காயவைத்துத் தூற்றிய பிறகே எடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத் தோன்றுகிற யோசனை இது. கெட்ட யோசனை என்றும் சொல்வதற்கில்லை.

பயத்தமாவு போட்டாள். எரிந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள். இன்னும் எரிந்தது. கடைசியில் மருந்துக்கடை ராஜாங்கத்திடம் போனாள். ராஜாங்கம் டாக்டருக்குப் படித்தவர் இல்லை, ஆனால் அது அவருக்கே மறந்துபோய் வெகுநாள் ஆகிவிட்டது. சொறிக்கும் சிரங்குக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் அவர் கடையில் ஒரே டியூப்தான்.

"காலைல ஒரு வாட்டி, ராவுல ஒரு வாட்டி. ஒரே மாசம். அப்புறம் உன்ன நீயே கண்ணாடில தேடுவ," என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பத்து நாளில் காந்தல் நின்றது. ஆடி முடிவதற்குள் சிவப்பு போய், சொரசொரப்பு போய், முகம் பளபளவென்று ஆகிவிட்டது. சோகை உரிக்க வந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். இருசாயி வேண்டுமென்றே வெயில் படுகிற பக்கமாகத் திரும்பி நின்றாள். இன்னும் கொஞ்சம் ஆகட்டும், முப்பது என்றே எழுதட்டும் என்று ஆசை வளர்ந்தது. ஒன்று தீர்ந்ததும் அடுத்த டியூப், அது தீர்ந்ததும் இன்னொன்று. இனி இவள் நிறுத்தமாட்டாள் என்பது ராஜாங்கத்துக்குத் தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் மறியல் வந்தது. இடஒதுக்கீடு கேட்டுப் புரட்டாசி முதல் தேதியிலிருந்து ஒரு வாரம். ரோட்டோரத்துப் புளியமரங்கள் வெட்டுப்பட்டு ரோட்டின் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. உப்பும் தீப்பெட்டியும்கூட வராதபோது ராஜாங்கத்தின் டியூப் எங்கிருந்து வரும்? இருசாயி கடைசி டியூப்பைப் பூரிக்கட்டையால் உருட்டி உருட்டிப் பிதுக்கினாள். இரண்டாம் நாள் அதிலும் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் முகம் அரித்தது. ஐந்தாம் நாள் காந்தியது. ஏழாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது கன்னமிரண்டும் சிவந்து வீங்கி, வாயைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. பழனி இப்போது பார்த்தால் அம்பதோடு நிறுத்தமாட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதாள். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்ததால் அதையும் சீக்கிரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

புதன்கிழமை மறியல் முடிந்தது. வியாழக்கிழமையும் பஸ் வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். போகாமல் இருந்துவிட்டால் பழனி சொன்ன அம்பது அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதை மட்டும் செய்யமாட்டேன் என்று விடியலில் எழுந்தாள். பிள்ளைகளுக்குக் கூழ் வைத்துவிட்டு, கள்ளக்குறிச்சிக்கு நடக்கத் தொடங்கினாள்.

ரோட்டில் ஆட்கள் மரத்தை அறுத்து ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளைகளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒருவன் அவளுக்குக் கைகொடுத்து, "பாத்துப் போ ஆயா," என்றான். அவனுக்கே முப்பது இருக்கும்.

வெயில் ஏறியதும் முகம் பொறுக்கமுடியாமல் எரிந்தது. வாய்க்கால் ஒன்றில் இறங்கித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தாள். ரவிக்கை நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டது. பிழிவதற்காகக் கையை மேலே சுருட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். முழங்கைக்கு மேலே, உட்புறத்தில், வெயிலே பார்க்காத அந்தத் தோல் மழமழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு கறுப்பு இல்லை. கிள்ளிப் பார்த்தாள். விட்டதும் பட்டென்று படிந்தது. புறங்கையைக் கிள்ளினாள். அது மடிப்பாக நின்று மெதுவாக இறங்கியது. இரண்டும் ஒரே நாளில் அவளோடு பிறந்தவைதானே? வாய்க்காலில் நின்றபடி சத்தமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் நடந்த வேகத்துக்குப் பஸ் வந்திருந்தாலும் ஏறியிருக்கமாட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக் கூட்டம் ஒரே நாளில் வந்திருந்தது. டாக்டர் பெயர் சந்தியா, பட்டணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வயதுச் சான்று என்று சொன்னதும் தலையை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். தாளை இழுத்து மளமளவென்று எழுதினார்.

இருசாயிக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். பஸ் நம்பரும் ஆலையில் எடைக்கல்லும் சொல்லிக்கொடுத்தவை. தாளில் 45 என்று இருந்தது. உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இத அடிங்க டாக்டரம்மா."

"கையை எடுங்கம்மா. இது கவர்மெண்ட் பேப்பர்."

"அதான் சொல்றேன், தப்பா எழுதுனா கவர்மெண்டுக்குத்தான் கேவலம். எனக்கு முப்பத்திமூணு. எலும்புல போட்டோ புடிச்சிப் பாருங்க."

"இருபத்தஞ்சு தாண்டுனா எக்ஸ்ரேயில துல்லியமா தெரியாது. பார்த்துத்தான் எழுதணும்."

"பாக்கறதுன்னா முழுசாப் பாருங்க. மூஞ்சி ஊருக்கு ஒழச்சது. இது எனக்குன்னு வச்சிகினது," என்று ரவிக்கைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டி, கையை டாக்டரின் மேசைமேல் நீட்டினாள்.

சந்தியாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு கண் அந்தக் கையில் நின்றது. குனிந்து பார்த்தார், கிள்ளிப் பார்த்தார். எழுந்து ஜன்னலோரம் கூட்டிப்போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தன் ரவிக்கைக் கையையும் மேலே தள்ளி, இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிறம் வேறு. மற்றபடி இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

"எனக்கு முப்பத்திரண்டு," என்றார் சந்தியா, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி. பிறகு அவளை உட்காரவைத்தார். "முகத்துக்கு என்ன போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க."

இருசாயி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தட்டையான டியூப்பை எடுத்துக் கொடுத்தாள். சந்தியா அதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

"எத்தனை நாளா?"

"ஆனிலேர்ந்து. நல்லாத்தான் இருந்துச்சுங்க. மறியல்ல கிடைக்கல, அப்பத்தான் இப்டி ஆயிப்போச்சு."

"நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு. உங்க தோல் பல வருஷமா புண்பட்டுக்கிட்டே இருக்கு. வெயில், அனல், புகை, சோகை. ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள்ள கொஞ்சம் வீங்கும், சிவக்கும். அழற்சின்னு சொல்லுவோம். எப்பவாவது வந்தா நல்லது, காயத்தை ஆத்தும். விடாம இருந்தா தோலைத் தாங்கிப் பிடிக்கிற நாரையே அரிச்சிடும். சுருக்கம் விழும், கறுப்பு ஏறும். உங்க முகத்துல இருக்கிறது முக்கால்வாசி வயசு இல்ல, இதுதான்."

"அப்போ இந்த மருந்து?"

"அது அழற்சியை அமுக்கி வச்சுது. அமுக்கிக்கிட்டே தோலை வெங்காயச் சருகு மாதிரி மெலிசாக்கிடுச்சு. நிறுத்தினதும் எல்லாம் திரும்பி எழும்பிடுச்சு. மறியல் இல்லன்னா இன்னும் போட்டுக்கிட்டேதான் இருந்திருப்பீங்க."

இருசாயி யோசித்தாள். "இப்ப இன்னா பண்றதுங்க?"

"இனி அதைத் தொடாதீங்க. பச்சைத் தண்ணியில கழுவுங்க. மாவு, எலுமிச்சம்பழம் எதுவும் வேணாம். ரோஸ் கலர் மருந்து ஒண்ணு தரேன், எரிஞ்சா தடவுங்க. வெயில்ல முக்காடு போடணும். ரெண்டு மூணு மாசம் முகம் இப்படித்தான் இருக்கும், பயந்து திரும்ப டியூப் வாங்கக்கூடாது. பதினஞ்சு நாள்ல வந்து காட்டுங்க. ஆலைப் புகைக்கு மட்டும் என்கிட்ட மருந்து கிடையாது." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "போற வேலையிலயும் அடுப்புதானே?"

"அடுப்புத்தான். ஆனா அது கொழந்தைங்களுக்கு ஒல வைக்கிற அடுப்புங்க. மத்தியானத்தோட அணைச்சிடுவாங்க."

சந்தியா முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். இந்தத் தடவை மெதுவாக எழுதினார். 33 என்ற எண்ணை இருசாயி தலைகீழாகவே படித்துவிட்டாள். அதற்குக் கீழே டாக்டர் இன்னும் இரண்டு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டார்.

அதே ஊரில் இருந்த யூனியன் ஆபீஸில் மத்தியானம் மூன்று மணிக்கும் வரிசை நின்றது. எல்லாம் கொல்லையிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்த பெண்கள், ஒவ்வொருத்தியும் இருசாயியைப்போல நடந்தே வந்தவள். பழனி அவள் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். தாளைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"முப்பத்திமூணா? எந்த டாக்டரும்மா இது, கண்ணாடி போடாம எழுதுனது?"

"கீழ இன்னாவோ எழுதிக்கீறாங்க. அதப் படிங்க."

"இங்கிலீஷ்ல கீது."

"உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்தான? தமிழ்ல சொல்லுங்க, சத்தமா."

பழனி தொண்டையைச் செருமிக்கொண்டார். எழுத்துக்கூட்டுகிறவரைப்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இவரது முகத்தின் தோற்றம்... வெயிலாலும் புகையாலும் நெடுநாள் ஏற்பட்ட தோல் அழற்சியின் விளைவு. வயதால் ஏற்பட்டதல்ல. மறைவான பகுதித் தோலைப் பரிசோதித்து, அவர் சொன்ன வயதை உறுதி செய்கிறேன்."

பத்தொன்பது வருஷம் இருசாயி அந்த முகத்தைத் தன் குற்றமாகவே சுமந்து திரிந்திருக்கிறாள். கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். செல்லமுத்து போனதுகூட இதனால்தானோ என்று நினைத்த நாள் உண்டு. அதெல்லாம் அவளால் இல்லை என்று ஒரு சர்க்கார் தாளில், முத்திரையோடு எழுதியிருந்தது.

"இன்னொரு வாட்டி படிங்க," என்றாள்.

"அதான் படிச்சேனே."

"எனக்குக் கேட்டுச்சு. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

பழனி நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். அவர் மறுபடியும் படித்தார், இந்த முறை நிறுத்தாமல். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து இருசாயியின் பெயருக்கு எதிரே முப்பத்துமூன்று என்று எழுதி, மனுவைக் கட்டோடு சேர்த்தார்.

அவள் திரும்பியபோது, வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண்ணின் கன்னத்திலும் அதே கறுப்பு, நெற்றியில் அதே கோடுகள். கையிலிருந்த மனுவைப் பழனி ஆனி மாதமே ஓரம் தள்ளியிருந்தார். அவள் ஏற்கெனவே ரவிக்கைக் கையைச் சுருட்டி, உட்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டரம்மா எந்த ரூம்புல உக்காந்துகினு கீறாங்க?" என்று கேட்டாள். "எனக்கு இருபத்தொம்போது."