கோட்டுப் பையையும் பாருங்க

"விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்கு. கதை எழுதினவனே வந்து நின்னாலும் அதான்" என்றார் பக்கத்து நாற்காலி சார். இருபது வருஷமாகத் தேர்வுத்தாள் திருத்துகிறவர். வாய் பேசினாலும் பேனா நிற்காது.

திருத்த வந்திருக்கும் அவளுக்கு இதுதான் முதல் வருஷம். குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவளும் அவள்தான். கையிலிருந்த தாளில் கூட்டல் முப்பத்துமூன்று. முப்பத்தைந்து வந்தால் பாஸ். மிச்சமிருந்தது ஒரே ஒரு இரண்டு மார்க் கேள்வி: மேற்கண்ட கதையின் திருப்புமுனை எது?

கதை அரைப்பக்கம். முதலாளியின் கைக்கடிகாரம் காணோம். சமையல்காரம்மா மேல் பழி. அவள் பையைக் கொட்டிக் கவிழ்க்கிறார்கள். "என் பையைப் பார்த்தாச்சுல்ல? உங்க கோட்டுப் பையையும் பாருங்க" என்கிறாள். கடிகாரம் அங்கே கிடக்கிறது. முதலாளி மனமிரங்கி அவளை மன்னித்துவிடுகிறார்.

விடைக்குறிப்பு: 'முதலாளி மன்னித்த இடம்.'

பிள்ளை எழுதியிருந்தது: 'கோட்டுப் பையையும் பாருங்க என்று அந்தம்மா சொன்ன இடம்.'

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. திருடாதவளை எதுக்குடா மன்னிக்கணும்? நாலு வீட்டில் சமைக்கும் அவள் அம்மா, யாரும் கேட்காமலே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படியிறங்குவாள்.

தாளோடு எழுந்து நேரே தலைமைத் தேர்வாளர் மேசைக்குப் போனாள்.

"மேடம், விடைக்குறிப்பு தப்பு."

ஹாலில் பேனாக்கள் நின்றன. பக்கத்து சாருடையதும்.

"வந்து மூணு நாள் ஆகல, அதுக்குள்ள தப்பு கண்டுபிடிச்சாச்சா?" மேடம் கண்ணாடியை இறக்கினார். "முதலாளி மனசு மாறுறார். அதானேம்மா திருப்பம்?"

அவள் ஸ்கேலை எடுத்து, வினாத்தாளில் இருந்த கதையில் மன்னித்த வரியை மறைத்தாள். "இப்ப படிங்க மேடம்."

மேடம் சத்தமாகப் படித்தார். கடிகாரம் கிடைத்தது, பழி போனது. கதைக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்கேல் 'கோட்டுப் பையையும் பாருங்க' வரிக்கு நகர்ந்தது. "இப்ப?"

"பையைக் கொட்டினார்கள்... கடிகாரம் கோட்டில்..." மேடம் நிறுத்தினார். மறுபடி மேலிருந்து படித்தார். "கோட்டை யாரு போய்ப் பார்த்தாங்க?"

"அதான் கேக்குறேன். எந்த வரியை எடுத்தா கதை நொண்டுதோ அதுதானே திருப்புமுனை? அவரு மன்னிக்கலன்னா என்ன குடியா முழுகிடும்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. விடைக்குறிப்பில் அந்த வரியை அடித்து, மேலே புது விடையை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பன்னிரண்டு மேசையும் கேளுங்க. எல்லாக் கட்டையும் பிரிச்சு இந்தக் கேள்வியை மறுபடி திருத்துங்க."

"சீக்கிரம் கிளம்பலாம்னு இருந்தேன். வெச்சியேம்மா ஆப்பு" என்று முனகியபடி சார் கட்டைப் பிரித்தார். புரட்டினார். முனகல் நின்றது. "ஏழு பேரு எழுதியிருக்காங்கம்மா. ஏழு பேருக்கும் முட்டை போட்டுருக்கேன்."

"உடைங்க சார்."

"எனக்கு நாலு!" என்றது ஜன்னலோர மேசை. "இங்க பதினொண்ணு!" என்றது இன்னொன்று.

அவள் முப்பத்துமூன்றை அடித்து முப்பத்தைந்து போட்டாள். அழுத்தின அழுத்தில் எண் அடுத்த பக்கத்திலும் பதிந்தது.