நெட்டா மூடி வைத்த சூடு

கணவன் ஆல்வின் வாங்கி வந்த வார்ப்பிரும்பு அடுப்பில் தீ எங்கே இருக்கிறது என்பதே நெட்டாவுக்கு முதலில் பிடிபடவில்லை. லீட்ஸ் நகரத்தில் அவள் பிறந்த வீட்டில் கேஸ் அடுப்பைத் திருகினால் சுடர் வரும், அணைத்தால் கதை முடிந்தது. இதில் திருகவும் ஒன்றுமில்லை, சுடரும் இல்லை. வயிற்றுக்குள் கரியைப் போட்டுவிட்டால் இரவும் பகலும் கமுக்கமாய்க் கனன்றுகொண்டிருக்கும். மேலே இரண்டு தட்டுகள், அவற்றுக்குக் கனத்த மூடிகள். முன்னால் இரண்டு அறைகள்; மேலறையில் கடுஞ்சூடு, கீழறையில் இளஞ்சூடு. ஆல்வினின் பண்ணை இருந்த பள்ளத்தாக்கில் வேறெந்த வீட்டிலும் இப்படியொன்று கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

அடுத்த பண்ணையில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் மியூரியலுக்கு இது போதாதா? தம்பி பெண்டாட்டிக்கு அடுப்பு மூட்டத் தெரியாததால் தம்பி ஊமை அடுப்பு வாங்கித் தந்திருக்கிறான் என்று தேவாலய வாசலிலேயே சொல்லிச் சிரித்தாள். ஞாயிறுதோறும் சாப்பிட வந்து நெட்டாவின் புட்டிங்கைக் கத்தியால் தட்டிப் பார்த்தாள். மாவும் முட்டையும் பாலும் கலந்து, கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி அடுப்புக்குள் வைத்தால் மொறமொறவென்று எழும்பி நிற்க வேண்டும் அது. யார்க்‌ஷயரில் ஒரு பெண்ணின் கைப்பக்குவத்துக்கு வேறு சாட்சி கேட்கமாட்டார்கள். நெட்டாவின் புட்டிங்கோ செருப்பு அட்டை மாதிரி தட்டையாகக் கிடந்தது.

ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் நாள் நெருங்கியது. அன்றைக்குச் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் கைகொடுக்க வருவார்கள். கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு உண்டு. இந்த முறை புட்டிங் படுத்துவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பந்தி தன் வீட்டில்தான் என்று மியூரியல் ஊருக்கே அறிவித்துவிட்டாள். ஆல்வின் அக்காவின் முன் வாயே திறக்கவில்லை. நெட்டாவுக்கு அடுப்பின் மேல் வந்த கோபத்தைவிட அவன் மேல் வந்த கோபம்தான் பெரிது.

குட்டு வெளிப்பட்டது தற்செயலாகத்தான். அந்த ஊர் வீடுகளில் கெட்டில் அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. வருகிறவனுக்கு டீ, போகிறவனுக்கு டீ. ஒருநாள் நெட்டா சந்தைக்குப் போய்விட்டதால் காலை முழுக்க மூடிகள் மூடியே கிடந்தன. திரும்பி வந்து மேலறைக் கதவைத் திறந்தவள், முகத்தில் அடித்த அனலில் பின்வாங்கினாள். அப்போதுதான் உறைத்தது. இந்த அடுப்பு சூட்டைச் சேர்த்து வைக்கிறது. சேர்த்ததையெல்லாம் இத்தனை நாளாய் டீயாகப் போட்டுக் குடித்துத் தீர்த்திருக்கிறார்கள்!

கத்தரிப்பு நாளில் விடிந்ததுமே உருளைக்கிழங்கை ஒரு கொதி விட்டுக் கீழறைக்குள் தள்ளினாள். இறைச்சி மேலறையில் வெந்துகொண்டிருந்தது. மேல்மூடிகளை இறக்கியவள் அதோடு அவற்றைத் தொடவில்லை. பத்து மணிக்கு மியூரியல் பெரிய கெட்டிலோடு வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு மூடியைத் தூக்கினாள்.

நெட்டா அவள் கையிலிருந்து மூடியின் பிடியை வாங்கித் திரும்ப இறக்கினாள். "கெட்டில் வேணாம் அண்ணி. சாப்பாடு முடியிற வரைக்கும் இதைத் திறக்க விடமாட்டேன்."

"பத்து மணி டீ குடுக்காம ஆம்பளைங்கள வேலை வாங்கப் போறியா? எங்கப்பா காலத்துலருந்து இந்த வீட்ல நடக்காதது."

"இன்னிக்கு நடக்கும்."

டீக்குப் பதிலாகக் குளிர்ந்த இஞ்சி பானம் கொட்டகைக்குப் போனது. போன வேகத்தில் ஆல்வின் வந்து நின்றான். வெளியே ஆட்கள் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள், ஒரே ஒரு கெட்டில்தானே என்று கெஞ்சினான்.

"பேசட்டும். பன்னண்டு மணிக்கு வாய் நெறைய இருக்கும், அப்ப பேச முடியாது."

நேரம் வந்ததும் இறைச்சியை வெளியே எடுத்துவிட்டு, கொதிக்கும் கொழுப்பில் மாவை ஊற்றி மேலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஒருமுறை எட்டிப் பார்க்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. பார்க்கவில்லை. மியூரியல் மேசையருகே கைகட்டி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் கைகழுவிக்கொண்டு வந்து அமர்ந்தார்கள். டீ கிடைக்காத முகங்கள், ஒன்றிலும் சிரிப்பில்லை. நெட்டா கதவைத் திறந்தாள். தகரத் தட்டின் விளிம்பைத் தாண்டி, பொன்னிறமாய், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன புட்டிங்குகள். மேலறையின் கூரையைத் தொடாத குறை. அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

இறைச்சிக்கு முன்னால் புட்டிங்கும் குழம்பும் வைப்பதுதான் அங்கே முறை. வைத்தாள். அப்புறம் புட்டிங் மொறமொறவென்று முறிபடும் சத்தம்தான் கேட்டது. கத்தரிப்பில் மூத்தவரான எப்ரஹாம் காலித் தட்டை நீட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர் நீட்டினார். ஆல்வின் எல்லார் முன்னிலும் எழுந்து நின்று, வருகிற வருடமும் பந்தி இதே மேசையில்தான், செய்யப்போவது என் பெண்டாட்டிதான் என்று சொன்னான். அவன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவனுக்கே அதுவரை தெரியாது.

எல்லாரும் மியூரியலைப் பார்த்தார்கள். அவள் தட்டிலும் ஒரு துணுக்கு மிச்சமில்லை.

"என்ன வேடிக்கை?" என்று அவர்களை அதட்டிவிட்டு, தட்டை நெட்டா பக்கம் நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு வை."

நெட்டா தகரத் தட்டில் இருந்ததிலேயே உயரமானதைத் தேடி எடுத்து நாத்தனாரின் தட்டில் வைத்தாள்.