அரிவாள்வாலனின் இடது பக்கம்

சிஹோ எழுதிய முப்பத்தொரு புகார்ச் சீட்டுகளும் அன்று காலை மொத்தமாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே பதில்: "பிழை அல்ல. இப்படித்தான் வைத்திருக்கிறோம்." கீழே நிஷிவாக்கியின் கையெழுத்து. அதிலாவது கொஞ்சம் கோணல்மாணல் இருக்கக் கூடாதா? முப்பத்தொன்றும் அச்சடித்த மாதிரி இருந்தன.

ஒசாகாவில் ஒரு வீடியோ விளையாட்டுக் கம்பெனியின் இரண்டாம் மாடியில் நாற்பது பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு மிருகங்களிடம் அடியும் வாங்குகிறார்கள். ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் சோதனைக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். சிஹோ மூன்று வருடமாக அந்த நாற்பதில் ஒருத்தி. நிஷிவாக்கி நான்காம் மாடிக்காரர். வேட்டை விளையாட்டின் கடைசி மிருகமான அரிவாள்வாலனை உருவாக்கியவர். பெற்ற பிள்ளையைப் பற்றி முப்பத்தொரு குறை சொன்னால் யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு இனி மாற்றமில்லை என்று விளையாட்டைப் பூட்டி, விற்பனைக்கான வட்டில் பதிக்க அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வாலில் ஒரு மயிரைக்கூட யாராலும் அசைக்க முடியாது.

சிஹோ படியேறிப் போனாள்.

"நிஷிவாக்கி சான், எல்லாத்தையும் படிச்சுப் பாத்தீங்களா?"

"ஒண்ணு படிச்சேன். மிச்சமும் அதே அழுகைதானே?" அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதினேழாவது சீட்டு அழுகை இல்லீங்க. வால் மேல படவே இல்ல, ஆனா வேட்டைக்காரன் விழறான்."

"அவனைத் தனியா ஒரு தடவையாவது கொன்னிருக்கீங்களா?"

சிஹோ நாலு பேராகச் சேர்ந்து கொன்றிருக்கிறாள். தனியாக இல்லை.

"கொல்லத் தெரியாதவங்க சொல்ற புகாரை நான் படிக்கிறதில்ல. கொன்னுட்டு வாங்க, கேக்கறேன். அம்பது நிமிஷம். துணைக்கு ஆள் கிடையாது."

மூன்று வருடத்தில் விளையாட்டின் சுவை பற்றி அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட நான்காம் மாடியில் எடுபட்டதில்லை. இது ஒன்றாவது எடுபடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் லட்சம் பேர் காற்றிடம் அடி வாங்கி, தங்கள் கை சரியில்லை என்று நொந்துகொள்வார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

"மேல போனியே, டீ குடுத்தாரா?" என்றான் பக்கத்து இருக்கை யாசு. நடந்ததைச் சொன்னாள். "அடிப்பாவி! அவனைத் தனியாவா? இப்பவே ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"வாயை மூடிட்டு அந்தச் சோத்துருண்டையை இந்தப் பக்கம் தள்ளு."

முதல் வேட்டை பதினோரு நிமிடத்தில் முடிந்தது. மூன்று முறை விழுந்தால் ஆட்டம் காலி. அவள் மூன்று முறையும் மருந்து குடிக்கப் போய்த்தான் விழுந்தாள். இந்த வேட்டைக்காரன் மருந்தைக் குடித்ததும் சும்மா இருக்கமாட்டான். இரண்டு கையையும் மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பயில்வான் மாதிரி ஒரு போஸ் கொடுப்பான். எதிரே மிருகம் பாய்ந்து வரும்போது எவனாவது போஸ் கொடுப்பானா? அதுதான் அவளுடைய முதல் சீட்டு. கத்தி மழுங்கினால் உட்கார்ந்து சாவகாசமாகத் தீட்டுவான். அது நாலாவது சீட்டு. வீசிய கத்தியைப் பாதியில் நிறுத்த முடியாது. அது ஒன்பதாவது.

இரண்டாவது வேட்டையும் போயிற்று. மூன்றாவதில் கட்டைவிரல் மரத்துப் போனது. கையை உதறிக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள்.

நாலாவது வேட்டையில்தான் அவள் கண் திறந்தது. அரிவாள்வாலன் தாண்டுவதற்கு முன் வலது தோளை ஒரு விரற்கடை இறக்குகிறான். சுழன்று முடித்ததும் மூச்சு வாங்குகிறான். மருந்து குடிக்க வேண்டிய நேரம் அது. போஸுக்கும் நேரம் சரியாக இருந்தது. இரண்டு வெட்டு வெட்டிவிட்டு விலகினால் உயிர் மிஞ்சும். மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் அடி. விளையாட்டு அவளை ஏமாற்றவில்லை, அவசரப்படாதே என்றுதான் மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. மற்ற விளையாட்டுகளில் ஆட ஆட வேட்டைக்காரனுக்குப் பலம் ஏறும். இதில் அவன் அப்படியேதான் இருக்கிறான். பலமெல்லாம் ஆடுகிறவர் கையில் ஏறுகிறது. சிஹோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஐந்தாவது வேட்டையைத் தொடங்கும்போது மணி மூன்று நாற்பது. பத்து நிமிடத்தில் யாசு தன் வேலையை விட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அரை மணியில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு முறை விழுந்தாயிற்று. இன்னும் ஒரு முறை விழுந்தால் தீர்ந்தது.

"தோள் இறங்குது, தோள்!" என்று யாரோ அலறினார்கள்.

"தெரியும், கத்தாதே!"

நாற்பத்தொன்பதாவது நிமிடத்தில் அவள் உருண்டு, எழுந்து, இரண்டே வெட்டு வெட்டினாள். அரிவாள்வாலன் தலையைத் தூக்கினான், தள்ளாடினான், சரிந்தான். இரண்டாம் மாடியே எழுந்து நின்று கத்தியது. யாசு அவள் நாற்காலியைப் பிடித்து மூன்று சுற்று சுற்றினான். சிஹோ சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு சீட்டுக் கட்டை எடுத்து முதலாவதைக் கிழித்தாள். நாலாவதையும் ஒன்பதாவதையும் கிழித்தாள்.

"பைத்தியமா உனக்கு? ஜெயிச்சது அதுக்குத்தானே?" என்று யாசு பதறினான்.

"இதெல்லாம் இருந்ததாலதாண்டா ஜெயிச்சது இவ்வளவு இனிக்குது."

முப்பதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பதினேழாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மணி நாலரை தாண்டியிருந்தது.

நிஷிவாக்கி அவள் வேட்டையின் பதிவை முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தார். "நல்லா ஆடியிருக்கீங்க" என்றார், மனதாரவே. "அப்புறம் என்ன? ஜெயிச்சாச்சு. அப்ப குறை இல்லன்னுதானே அர்த்தம்?"

"நான் அவனோட இடது பக்கம் நிக்காமலே ஜெயிச்சேன். நீங்களும் அங்க நின்னதே இல்ல. இப்ப நின்னு பாருங்க. இடது பின்னங்காலிலிருந்து மூணு எட்டு."

"அங்க எவன் நிப்பான்?"

"புதுசா வர்றவன் நிப்பான். அவனுக்கு உங்க மாதிரி ரெண்டு வருஷப் பழக்கமா இருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே ஆட்டத்தைத் தொடங்கி அங்கே போய் நின்றார். வால் ஒரு முழம் தள்ளிப் போனது. வேட்டைக்காரன் விழுந்தான். "கை தவறிடுச்சு" என்றார். மறுபடி நின்றார், மறுபடி விழுந்தான். மூன்றாவது முறை விழுந்தபோது சிரிப்பு போய்விட்டது. படம் வரைகிற அரிமுரா என்ற பெண்ணைக் கூப்பிட்டார். "இந்த வால்ல கை வெச்சியா?"

"வசந்தத்துல குறைச்சேனே. தரையில உரசுதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

வாலை வெட்டினார்கள், வால் பட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத எல்லையை வெட்ட மறந்துவிட்டார்கள். நான்கு மாதமாக அந்த மாடியில் அத்தனை சூரர்களும் பழக்கத்தால் வலது பக்கமே ஓடியதால் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

நிஷிவாக்கி எழுந்தார். அத்தனை பேர் முன்னால், இடுப்பு வளைய, சிஹோவுக்குத் தலை தாழ்த்தினார். பிறகு சீட்டில் தன் பழைய பதிலை அடித்துவிட்டு எழுதினார்: "பிழை. நம்முடையது."

திருத்தி முடிக்கும்போது ஐந்தே முக்கால். சிஹோவிடமே ஆட்டத்தைக் கொடுத்தார்கள். அவள் இடது பக்கம் போய் நின்றாள். வால் சீறிக்கொண்டு வந்து ஒரு முழம் தள்ளிப் போயிற்று. வேட்டைக்காரன் அசையாமல் நின்றான். மாடி முழுக்கக் கைதட்டல். அந்தச் சந்தோஷத்தில் அவள் இரண்டு வெட்டோடு விலகாமல் மூன்றாவதாக ஒரு வெட்டு வெட்டினாள். அரிவாள்வாலன் திரும்பி ஒரே கடியில் சாய்த்தான்.

"இதுக்கும் ஒரு சீட்டு எழுதுவீங்களா?" என்றார் நிஷிவாக்கி.

"எதுக்குங்க? இது முழுக்க முழுக்க என் தப்பு!" என்று சிஹோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.