பஞ்சக்கா கை கொடுக்கவில்லை

கன்னத்தில் அறை விழுந்த சத்தம் மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. பஞ்சக்கா அப்போது ஹோட்டல் அறையின் கண்ணாடி முன்னால் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளறைக் கதவு திறந்தது. பஞ்சக்கா ஒப்பனை செய்துவரும் நடிகை, எல்லோருக்கும் மேடம், வெளியே வந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, சாதாரணக் குரலில் சொன்னார்.

"குட்டிக்குக் கொஞ்சம் டச்சப் பண்ணிடுங்க. பேட்டியில அவளும் என் பக்கத்துல உக்காரணுமாம். சீக்கிரம்."

குட்டி மேடத்தின் கூடப்பிறந்த தங்கை. கால்ஷீட் பார்ப்பது, போன் எடுப்பது, டிரைவரைக் கூப்பிடுவது, அக்காவின் மூக்குக்கண்ணாடியைத் தேடுவது என்று எல்லாமே அவள்தான். அவள் தலையைக் குனிந்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கன்னத்தில் நான்கு விரல்களும் பதிந்திருந்தன. மோதிரம் பட்ட இடம் சற்றே கீறியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று பஞ்சக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாவைப் பத்தி ஒரு கேள்வி கேக்கட்டுமான்னு சேனல்காரங்க கேட்டாங்க. சரின்னுட்டேன். அக்காவுக்கு அது பிடிக்காதுன்னு தெரியும், மறந்துட்டேன். இதை மறைச்சிடுங்க பஞ்சக்கா. வெளிய எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

பஞ்சக்கா என்பது படப்பிடிப்பு யூனிட்டில் வைத்த பெயர். எந்நேரமும் கையில் பஞ்சோடு, யார் நெற்றியில் வியர்வை அரும்பினாலும் ஒற்றி எடுக்கத் தயாராக நிற்பாள். முன்பு ஒரு அழகு நிலையத்தில் இடுப்பு ஒடியப் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள். மேடத்திடம் வேலை கிடைக்க வேண்டும் என்று உருகி உருகி வேண்டிக்கொண்டாள். கிடைத்தது. அதனால் அவளுக்கு இது கடவுளே கையில் கொடுத்த வேலை.

அதிலும் மேடம் பக்திக்குப் பெயர்போனவர். எந்தப் பேட்டியிலும், "நான் ஒண்ணுமே இல்ல, எல்லாம் கடவுள்தான்" என்பார். கேமரா ஓடத் தொடங்கும் முன் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் வட்டமாகக் கைகோத்து நிற்கவைத்துப் பிரார்த்தனை செய்வார். முதல் முறை அந்த வட்டத்தில் நின்றபோது பஞ்சக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் மற்றவை தெரியவந்தன. சுடச்சுட இருந்த காபிக் கோப்பை டிரைவர் மேல் பறந்தது. துணி மடிப்பவளை எல்லோர் முன்னாலும் மண்டியிடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பஞ்சக்கா தனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெரிய இடம், ஆயிரம் தலைவலி, கோபம் வரத்தானே செய்யும்.

இப்போது சிவப்பை அடக்கப் பச்சை நிறக் கிரீமை விரல் நுனியில் எடுத்துத் தடவினாள். அதன்மேல் தோல் நிறத்தை ஒற்றினாள். கீறலில் பட்டதும் குட்டி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நிறம் மறைஞ்சிடும். வீக்கத்தை என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"முடியை முன்னால இழுத்து விட்டுடுங்க. போன தடவை அப்படித்தான் பண்ணிக்கிட்டேன்."

போன தடவை. அப்படியென்றால் இது முதல் தடவை இல்லை. ஆனாலும் முடியை இழுத்துவிட்டாள். வேலை கச்சிதமாக முடிந்தது. கண்ணாடியில் ஒரு தடயமும் இல்லை. அந்தக் கச்சிதம்தான் அவளைக் கூசவைத்தது.

கதவு தட்டப்பட்டது. சேனல்காரர்கள் விளக்கும் கேமராவுமாக உள்ளே வந்தார்கள். பேட்டி எடுப்பவர் வழிந்துகொண்டே, "மேடம், உங்க பிரார்த்தனையிலேருந்தே ஷூட் பண்ணிக்கறோம். ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

"அதுக்கென்ன, வாங்க எல்லாரும்."

வட்டம் கூடியது. மேடத்தின் ஒரு பக்கம் குட்டி. இன்னொரு பக்கம் பஞ்சக்காவுக்கான இடம். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. மேடம் கண்களை மூடிக்கொண்டு கையை நீட்டினார். சற்று முன் கதவுக்குப் பின்னால் ஓங்கிய அதே கை. பஞ்சக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீட்டிய கை காற்றில் நின்றதும் மேடம் கண்ணைத் திறந்தார்.

"என்ன பஞ்சக்கா? வாங்க."

"என் கை பூரா கிரீம் மேடம்."

"பரவால்ல, கடவுளுக்குக் கிரீமெல்லாம் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள்.

பஞ்சக்கா சிரிக்கவில்லை. குரல் யாருடையதோ போலத் தெளிவாக வந்தது.

"முதல்ல குட்டிகிட்ட மன்னிப்பு கேளுங்க மேடம். அப்புறம் நான் கை கொடுக்கறேன்."

பேட்டி எடுப்பவர் குட்டியையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேமராக்காரர் கேமராவை மெல்லத் தாழ்த்தினார். மேடத்தின் முகத்தில் புன்னகை அசையாமல் இருந்தது. கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு துடித்தது.

முதலில் வெடித்தது குட்டி.

"யாரு உங்களைக் கேட்டா? எங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்க நீங்க யாரு? வெளிய போங்க!"

பஞ்சக்கா எதிர்பார்த்த அடி அது அல்ல. பெட்டியைக்கூட எடுக்காமல் வெளியேறினாள். லிஃப்டில் இறங்கும்போதுதான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

"கடவுள் கொடுத்த வேலையை நானே உதறிட்டு வந்துட்டேனேங்க. நன்றி கெட்டவளா நான்?"

அவர் யோசித்தார். "கொடுத்தவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன்னு நினைச்சுக்கோ. வேற ஏதாவது வச்சிருப்பாரு. இல்லாட்டி என் ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு என் கூட வா."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பேட்டி ஒளிபரப்பானது. பிரார்த்தனைக் காட்சியை மறுபடி எடுத்திருந்தார்கள். பஞ்சக்கா நின்ற இடத்தில் வேறு யாரோ. மேடம் மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பக்கத்தில் குட்டி முன்னால் விழுந்த முடியோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பஞ்சக்காவை எந்தப் படத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. வாய்த்துடுக்குக்காரி என்ற பெயர் அவளுக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. காலையில் வேண்ட உட்கார்ந்தால் வார்த்தை வராது. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் பார்க்கப் போன கணவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். தோல் பிரிவில், தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்கு ஒப்பனை சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். மறுபடியும் மறைக்கிற வேலையா என்று அவள் முரண்டுபிடித்தாள். ஒருநாள் போய்ப் பார் என்றார் அவர்.

போனாள். அவளிடம் முதலில் வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். ஒரு பக்கக் கன்னம் முழுக்க வெந்து சுருங்கியிருந்தது. அவள் பஞ்சை எடுத்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க போட வேணாம்மா. எனக்குச் சொல்லிக்குடுங்க, நானே போட்டுக்கறேன். வேணுங்கற அன்னிக்குப் போடுவேன், வேணாங்கற அன்னிக்கு மூஞ்சியைக் கழுவிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

அவள் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் பூசிய முதல் பூச்சு சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாலை வீடு திரும்பும்போது, வெகுநாளைக்குப் பிறகு உடம்பு அலுத்திருந்தும் மனசு அலுக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

மழை பிடித்த ஒரு பிற்பகலில் குட்டி போன் செய்தாள்.

"பஞ்சக்கா, வீக்கம் சீக்கிரம் வத்த என்ன பண்ணணும்?" குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"எங்க இருக்கே?"

"பாத்ரூம்ல. அக்கா வெளிய நிக்கறா. சீக்கிரம் சொல்லுங்க."

"ஐஸ் வை. வச்சுட்டு எங்க வீட்டுக்கு வா. நீ என்னைத் திட்டினதெல்லாம் நான் மனசுல வச்சுக்கலை. வந்துடும்மா."

கதவு தடதடக்கும் சத்தம் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைத்திருந்தது. அன்று அவள் தன்னையறியாமல் வேண்டினாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளும் குட்டி வரவில்லை. அந்த வாரக் கடைசியில், வீட்டில் விசாரித்துக்கொண்டு, தோளில் ஒரு பையோடு மருத்துவமனைக்கே வந்து நின்றாள். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது. பஞ்சக்கா அவளைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேடம் ஏதோ மேடையில் கண்ணீர் வழிய வேண்டிக்கொண்டிருந்தார். குட்டி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

"பஞ்சக்கா, நீங்க அவ மூஞ்சியை அவ்வளவு கிட்டத்துல பாத்தவங்க. சொல்லுங்க, அக்கா நடிக்கறாளா?"

பொய் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணீரை எத்தனையோ முறை பஞ்சால் ஒற்றியவள் அவள்.

"இல்லம்மா. நிஜமாத்தான் அழறாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

குட்டி டீயைக் கீழே வைத்தாள். பஞ்சக்கா மேசைக்கு மேலே கையை நீட்டி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எங்க வீட்டுலதான் தூங்கறே. மத்ததெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அவ தேடிக்கிட்டு வருவா."

"வரட்டும்" என்றாள் பஞ்சக்கா. சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.