டீசலா, பெட்ரோலா

"தூரமா ஓட்டுவீங்கன்னா டீசல், ஊருக்குள்ளயே ஓட்டுவீங்கன்னா பெட்ரோல்," என்றார் கார் விற்பவர்.

தச்சர் யோசிக்கவே இல்லை. மனைவியின் புற்றுநோய் சிகிச்சைக்கு வாராவாரம் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ்ஸில் அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் கார் வாங்க வந்திருந்தார்.

"டீசலே குடுங்க."

"பெட்ரோல் போதுங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"அவ்வளவு தூரம் போகணுமேம்மா?"

"இனிமே போகவேண்டாம். மருந்து கேக்கலைன்னு டாக்டர் போன தடவையே என்கிட்ட சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல எனக்குத்தான் வாய் வரலை."

விற்பவர் மெல்ல நகர்ந்துகொண்டார். தச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெட்ரோல் காரையே எடுத்தார்.

சாயங்காலங்களில் ஏரிக்கரை வரை போய்வந்தார்கள். கடைசி வாரம்வரை அவள் கார் ஜன்னலை மூடவிடவில்லை.