சகலைக்கு ஆட்டுக்கால் சூப்

என் சகலை கணேஸ்வரன் வெள்ளிக்கிழமை கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தானில் அவன் வீட்டுக்குப் போனால், சோபாவில் கைலியோடு காலை நீட்டிப் புது மாப்பிள்ளை கணக்காகக் கிடக்கிறான். மூன்று பிள்ளை போதும் என்று, பெண்டாட்டியைப் போகச் சொல்லாமல் தானே போய்ப் படுத்தானாம். அந்த வீரனுக்கு ஊட்ட என் மனைவி பிரமிளா விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து ஆட்டுக்கால் சூப் வைத்தாள். வழியெல்லாம் சட்டியை மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டாமல் நான் கிடந்தபோது எனக்குக் கிடைத்தது பாக்கெட் மெகி மீ.

"மாமா மாதிரி எத்தன ஆம்பளைங்க முன்ன வருவாங்க லா?" என்று தன் அக்காவிடம் வேறு சொல்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு மூடுவதற்கே இந்த மரியாதை. எனக்குத் திறந்து வைத்தும் ஒன்றுமில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம். அவள் விழுங்காத மாத்திரை இல்லை, எடுக்காத பால்குடம் இல்லை. நச்சரிப்புத் தாங்காமல் போன மாதம் நானும் கிள்ளானுக்குப் போய் விந்துப் பரிசோதனை செய்தேன். ஓர் உயிரணுகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதம் தொலைந்துவிட்டது, எல்லாம் நார்மல்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவளும் அதை அப்படியே டாக்டரிடம் ஒப்பித்தாள். அப்படியானால் கோளாறு அவளிடம்தான் என்று, வருகிற செவ்வாய்க்கிழமை வயிற்றில் துளை போட்டுப் பார்க்கப் போகிறார்கள். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைப்பேன். நாக்கு எழாது.

கணேஸ்வரன் சூப்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "இன்னும் முடியல சகலை. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுக்கணுமாம். அதுல ஸீரோ வரணும். வந்துச்சுன்னா எல்லாருக்கும் கடையில வயிறு முட்ட மக்கான், என் செலவு!"

"கண்டிப்பா வரும் மாமா. நான் வேண்டிக்கிறேன்," என்றாள் பிரமிளா.

வேண்டிக்கொள்கிறாளாம். அதுவும் அவனுக்கு. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. பாழாய்ப்போன பொறாமைதான் என் வாயைத் திறந்தது.

"எனக்கு வந்துருச்சு," என்றேன்.

கணேஸ்வரன் மட்டும் சிரித்தான். "என்னா வந்துருச்சு?"

"ஸீரோ. போன மாசமே."

ஒரு நொடி அவனை ஜெயித்துவிட்டது போல இருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

அக்காவின் கைக்குழந்தை பிரமிளாவின் மடியில் இருந்தது. அவள் குரல் உயரவில்லை.

"நார்மல்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"தெரிஞ்சுக்கிட்டே என்னைய அறுக்க உடப் பாத்தீங்களா?"

குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து வாய்க்கு இழுத்தது. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அது மறுபடியும் எட்டிப் பிடித்தது.